மேனுவலுக்கு மாறும்போது ஒரு ஒயர்

போன எபிசோடு கேட்டுட்டு எழுதினவங்களுக்கு: வால்வோ 240-ல் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிட்டு எம்47 ஐந்து கியர் மேனுவல் போடலாம். ஃப்ளைவீல், கிளட்ச், பெடல் எல்லாம் மாறும். பார்ட்ஸுக்கு ஒரு பழைய மேனுவல் வண்டி முழுசா கிடைச்சா வாங்கிடுங்க. துண்டு துண்டாத் தேடினா வருஷம் ஓடிடும்.

நான் பயப்படுறது ஒரு ஒயருக்குத்தான். ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதுக்குன்னே லிவர்கிட்ட ஒரு சுவிட்ச் உண்டு. லிவரைக் கழற்றினதும் அந்தச் சுவிட்சும் போயிடும், சாவி திருப்பினா சத்தமே வராது. பலர் ரெண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுத்திடறாங்க. இனி வண்டி கியரில் இருந்தாலும் ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி பாயும். எதிர்ல குழந்தை நின்னா? நான் அந்த ஒயரை கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து அதுக்குக் கொண்டுபோவேன். மிதித்தால்தான் ஸ்டார்ட். ரிவர்ஸ் லைட் ஒயரையும் மறந்துடாதீங்க.