கெஜட்டில் வந்த நிலம் கைக்கு வருவது எப்போது?



ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதற்குமேல் உபரி என்று 1961இல் நம் தாயகத்தில் சட்டம் வந்தது. 1964இல் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது; அதே ஆண்டு 17ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதற்கு உயிர் கொடுத்தது. 1970இல் வரம்பு 15 ஆயிற்று. சரி, நிலம் எங்கே?

உபரி நிலம் உழுபவனிடம் வருமுன் எத்தனை ஸ்டேஷன் தெரியுமா? வரைவு அறிக்கை, அதற்கு ஆட்சேபம், இறுதி அறிக்கை, பிறகு கெஜட் அறிவிப்பு. அன்றுதான் நிலம் சர்க்காருடையது. அதன் பின்னரே நிலமற்றோருக்கு ஒப்படை. நடுவில் மிராசுதார் ஒரு தடையாணை வாங்கினால் போதும். வழக்கு முடியும்வரை நெல் அவர் களத்துக்கே போகும். பட்டா வந்தாலும் அளந்து காட்ட ஆள் வரவேண்டும். ரசீது இருந்தால் மூட்டை வந்ததாகுமா என்று பார்சல் ஆபீசில் எங்களைக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்!

இங்கே கர்நாடகத்தில் தேவராஜ் அர்ஸ் ஆட்சியில், 1-3-1974 முதல் குத்தகை நிலங்கள் அரசின் வசமாயின. தாலுகாதோறும் நில நியாய மன்றம் அமர்ந்தது. அங்கும் ஹைகோர்ட் போய்த் திரும்பிய வழக்குகள் உண்டு.

நம் கதை வேறு. வட ஆற்காட்டிலும் தருமபுரியிலும் பெயர் கூப்பிடும் நாளில் நாம் அல்சூரில் சாரத்தின்மேல் நிற்கிறோம். "ஆள் ஊரில் இல்லை" என்று எழுதிவிட்டால்?

2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். கெஜட் தேதி என்ன, தடையாணை உண்டா, வழக்கு எண் எது, இன்று சாகுபடி செய்பவர் யார்? 30 நாளில் பதில் தரவேண்டும். ஞாயிறு மாலை சங்கத்தில் எழுதித் தருகிறோம். வரும்போது பழைய காகிதம் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.