பழைய கார்டு இரண்டு: பெட்டிக்குப் பொருந்துவது எது?



இன்றைய தலைப்பைக் கேட்டதும் பெற்றோர் பலர் தொலைக்காட்சி ஒளிவழியை மாற்ற நினைக்கலாம். "கணினி விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டா? அது பிள்ளைகள் சமாசாரம்" என்று தோன்றலாம். ஆனால் பணம் பெற்றோருடையது. கணினியும் பெரும்பாலான வீடுகளில் ஒன்றே ஒன்றுதான். ஆகவே சற்று நேரம் கேட்பதில் நட்டமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கற்பனைக் குடும்பம்தான், ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்கள் எந்தப் புளோக்கிலும் உண்டு. அப்பா பேருந்து ஓட்டுநர். மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். தங்கை தொடக்கநிலை ஐந்து. வீட்டில் இருப்பது ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய கணினி. பள்ளி வீட்டிலிருந்தவாறே கற்கும் நாள் என்று அறிவித்தால் அண்ணனும் தங்கையும் அதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

மகன் தீபாவளிக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறான். "கூட்டாளிங்க எல்லாரும் சேர்ந்து விளையாடுறாங்கப்பா. நம்ம கணினியில படம் நின்னு நின்னு ஓடுது. பழைய கார்டு ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்கிறான். அப்பாவுக்கு மனமில்லை. "விளையாட்டுக்கு இவ்வளவு காசா?" என்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது. அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பேச்சு வந்து சேரப்போகிறது.

இரண்டு கார்டுகள்

பழைய கார்டு வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி சீர்தூக்கிப் பார்ப்பவை இரண்டு. ஒன்று, என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. இது 2016ஆம் ஆண்டு அக்டோபரில் 139 அமெரிக்க டாலர் விலையில் வெளிவந்தது. மற்றொன்று, ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 570. இது 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் 169 டாலருக்கு வந்தது. இரண்டுமே அவற்றின் காலத்தில் சிக்கனக் கார்டுகள். இன்று பழைய பொருளாகத்தான் கைமாறுகின்றன.

கிராஃபிக்ஸ் கார்டின் வேலை என்ன? திரையில் ஓடும் காட்சியை நொடிக்கு நொடி வரைந்து தள்ளுவது. நொடிக்கு 60 படங்கள் வரைந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். 20 படங்கள்தான் என்றால் திணறும். வரைவதற்குக் கை வேண்டும். வரைய வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ள மேசை வேண்டும். கை என்பது கார்டுக்குள் இருக்கும் கணக்கிடும் பகுதிகள். மேசை என்பது அதன் நினைவகம்.

1050 டிஐ கார்டில் 768 பகுதிகள், 4 ஜிகாபைட் நினைவகம். ஆர்எக்ஸ் 570 கார்டில் 2048 பகுதிகள், 4 அல்லது 8 ஜிகாபைட். இரு நிறுவனங்களின் கட்டமைப்பும் வேறு என்பதால் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் நினைவகத்திலிருந்து தகவல் வரும் வேகத்தை ஒப்பிடலாம். முதல் கார்டில் நொடிக்கு 112 ஜிகாபைட். இரண்டாவதில் அதைப்போல் இரு மடங்கு, 224 ஜிகாபைட். ஆட்டத்தில் இதன் பலன் தெரியும். பெரும்பாலான விளையாட்டுகளில் ஆர்எக்ஸ் 570 மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் வேகம் காட்டும். 1050 டிஐ திணறும் இடத்தில் இது நிதானமாக ஓடும்.

அதோடு, 2019ஆம் ஆண்டு வாக்கில் ஆர்எக்ஸ் 570 விலை இறங்கி, மெதுவான 1050 டிஐ விலைக்குச் சமமாகவும் சில கடைகளில் அதற்குக் கீழும் விற்றது. அப்படியானால் தீர்ப்பு எளிதல்லவா? வேகமும் கூட, விலையும் குறைவு. 570 வாங்கிவிட்டுப் போகலாமே?

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மெதுவான கார்டு ஏன் விலை இறங்காமல் நின்றது என்று யோசிக்க வேண்டும்.

75 வாட் கணக்கு

கணினியின் தாய்ப்பலகையில் கார்டைச் செருகும் இடம் இருக்கிறது. அந்த இடம் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் கொடுக்கும். 1050 டிஐ கேட்பது அந்த 75 வாட்தான். ஒரு சில மாதிரிகளைத் தவிர மற்றவற்றுக்குத் தனிக் கம்பி வேண்டாம், செருகினால் போதும். ஒல்லியான அலுவலகக் கணினிகளில் பொருந்தும்படி உயரம் குறைந்த மாதிரிகளும் அதில் உண்டு.

ஆர்எக்ஸ் 570 கேட்பது ஏறக்குறைய 150 வாட். செருகும் இடத்திலிருந்து வருவது போதாது. பவர் சப்ளையிலிருந்து ஆறு அல்லது எட்டு முனை கொண்ட தனிக் கம்பி வர வேண்டும். அலுவலகத்தில் கழித்த பல கணினிகளில் அந்தக் கம்பி இருப்பதே இல்லை. தட்டச்சுக்கும் கணக்குக்கும் வாங்கிய பெட்டிக்கு அது எதற்கு?

இந்த இடத்தில் சில இளையர்கள் ஒரு குறுக்கு வழி தேடுகிறார்கள். வன்தட்டுக்குப் போகும் கம்பியில் மாற்று இணைப்பு ஒன்றைப் போட்டுக் கார்டுக்கு மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தக் கம்பி அவ்வளவு மின்சாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. இணைப்பு சூடேறி உருகலாம். பலம் குறைந்த பவர் சப்ளை செயலிழந்தால் கணினியையும் சேர்த்துக்கொண்டு போகலாம். மறுநாள் தங்கை எதில் பாடம் படிப்பாள்?

புதிய பவர் சப்ளை வாங்கலாம் என்பார்கள். வாங்கலாம், ஆனால் அதன் விலையையும் கார்டு விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அலுவலகக் கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையின் அளவும் செருகும் முனையும் தனி ரகம். கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை அதில் உட்காராது.

மின்கட்டணத்தையும் பார்த்துவிடலாம். முழு வேகத்தில் இரண்டு கார்டுகளுக்கும் உள்ள வேறுபாடு 75 வாட். நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் மாதத்திற்கு ஏறக்குறைய 7 யூனிட். ஒரு யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் இரண்டு வெள்ளி. இதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது கட்டணத்துக்கு அன்று, கம்பிக்கு.

பழைய கார்டின் பூர்வீகம்

அடுத்தது, கார்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. ஆர்எக்ஸ் 570 கார்டுகள் ஈத்தரியம் என்ற மின்னிலக்க நாணயத்தை எடுப்பதற்கு மிகவும் விரும்பப்பட்டவை. பலர் அவற்றை வரிசையாக அடுக்கி இரவும் பகலும் ஓடவிட்டனர். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் ஈத்தரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கார்டுகளை வைத்து அந்த நாணயத்தை எடுப்பது அன்றோடு முடிந்தது. அந்தக் கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்துவிட்டன.

அப்படி உழைத்த கார்டு எல்லாம் கெட்ட கார்டு என்று சொல்லிவிட முடியாது. சீரான வெப்பத்தில் ஓடிய கார்டு நன்றாகவே இருக்கலாம். ஆனால் விசிறி தேய்ந்திருக்கலாம். சில்லுக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே பூசிய பசை காய்ந்திருக்கலாம். கார்டின் உள்நிரலை மாற்றி எழுதியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது இருந்தால் விளையாட்டின்போது திரை கலங்கும்.

1050 டிஐ கார்டுக்கு வேறு விதமான ஆபத்து. அதன் பெயருக்கு மதிப்பு இருப்பதால் போலிகள் வந்தன. பல தலைமுறைக்கு முந்திய சில்லை வைத்து, உள்நிரலில் பெயரை மாற்றி விற்றார்கள். ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்துக் காட்டும். பெயரில் "டிஐ" இல்லாத 1050 என்ற கார்டும் உண்டு. அது இன்னும் மெதுவானது, அதன் முதல் மாதிரியில் 2 ஜிகாபைட் நினைவகமே. அதேபோல் ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி விற்பதில் "2048எஸ்பி" என்று சேர்த்து எழுதியிருந்தால், அது உண்மையில் 570 கார்டின் உடன்பிறப்பு. பெயருக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஓட்டிக் காட்டுங்கள்." பத்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓட விட்டு, திரையில் புள்ளியும் கோடும் வருகிறதா, விசிறி கரகரக்கிறதா, வெப்பம் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் வருவதே மேல்.

இன்னும் எத்தனை நாள்?

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் வயதாகிவிட்டது. ஏஎம்டி 2023ஆம் ஆண்டு இறுதியிலேயே 570 வகைக் கார்டுகளின் மென்பொருளைத் தனியாகப் பிரித்துப் புதுப்பிப்புகளைக் குறைத்துவிட்டது. 1050 டிஐ வகைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான மென்பொருள் 2025ஆம் ஆண்டு அக்டோபரோடு முடிந்தது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்துள்ளது.

கூட்டாளிகளுடன் ஆடும் வாலரண்ட், டோட்டா 2 போன்றவை இரண்டிலும் நன்றாகவே ஓடும். 2020ஆம் ஆண்டு வாலரண்ட் வெளிவந்தபோது, நொடிக்கு 144 படங்களுக்கு மேல் வேண்டுமென்றால் எது தேவை என்று அதன் தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட கார்டே 1050 டிஐதான். ஆனால் 2024இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025இல் வந்த டூம் விளையாட்டும் ரே டிரேசிங் வசதியுள்ள கார்டைக் கட்டாயமாக்கிவிட்டன. அந்த வசதி இந்த இரண்டிலும் இல்லை. பையன் ஆசைப்படுவது அத்தகைய விளையாட்டு என்றால், இரண்டில் எதை வாங்கினாலும் பணம் வீண்.

கணினியின் வயதையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய அலுவலகக் கணினிகள் பலவும் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாதவை. அத்தகைய பெட்டிக்கு நிறையச் செலவழிப்பது, விற்கப்போகும் வீட்டுக்குச் சலவைக்கல் பதிப்பது போலத்தான்.

கேட்க வேண்டிய கேள்வி

இப்போது அந்த அப்பாவிடமும் மகனிடமும் திரும்பி வரலாம். அவர்கள் கேட்காத கேள்வி இதுதான்: "நம் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?"

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, இருவரும் சேர்ந்து பார்க்கட்டும். பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். 240 வாட் என்று இருந்து, தனிக் கம்பியும் இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை, 1050 டிஐதான். 500 வாட் தரமான பவர் சப்ளை, ஆறு முனையும் எட்டு முனையும் உள்ள கம்பிகள், நீளமான கார்டு நுழைய இடம் எல்லாம் இருந்தால் ஆர்எக்ஸ் 570, அதிலும் 8 ஜிகாபைட் உள்ளது. இரண்டில் எது "சிறந்தது" என்று கேட்பதைவிட, இரண்டில் எது இந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று கேட்பதே முறை.

மூடியைக் கழற்றிய அந்த அரை மணி நேரத்தில் அப்பாவுக்கு இன்னொன்றும் தெரியவரும். மகன் வெறும் விளையாட்டுக்கு அடம்பிடிக்கவில்லை; வாட் கணக்கு, நினைவகக் கணக்கு எல்லாம் படித்து வைத்திருக்கிறான். மகனுக்கும் ஒன்று புரியும்: அப்பா மறுத்தது கஞ்சத்தனத்தால் அன்று, இருக்கிற ஒரு கணினியும் போய்விடக் கூடாதே என்ற கவலையால். விற்பவரைப் பார்க்கப் போகும்போது அப்பாவும் கூடவே போனால் பேரமும் படியும், பையனுக்கும் பாதுகாப்பு.

விளையாடும் நேரத்தை வரையறுப்பது தனி விவாதம். அதற்கு இன்னொரு வாரம் இருக்கிறது. இந்த வாரம் கடைக்குப் போகுமுன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.