வைத்திய ஆராய்ச்சியும் மதிப்பிடுவோர் அவையும்

முற்காலத்தில் தமிழ்ப் புலவரொருவர் நூலொன்றை இயற்றி முடித்தால், அதனைக் கற்றோர் நிறைந்த அவையில் அரங்கேற்றுதல் மரபாயிருந்தது. அவையோர் வினா எழுப்புவர். சொல்லிலும் பொருளிலும் குற்றம் நாடுவர். புலவர் விடை கூறுவர். அவை ஏற்றுக்கொண்ட பின்னரே நூல் உலகோருக்கு உரியதாகும். இன்றைய வைத்திய ஆராய்ச்சிக்கும் இத்தகையதோர் அரங்கேற்றம் உண்டு. அது நடைபெறும் இடம் வைத்திய சஞ்சிகையாகும்.

புதிய உண்மையொன்றைக் கண்டறிந்த வைத்தியர் அதனைக் கட்டுரையாக எழுதிச் சஞ்சிகையொன்றுக்கு அனுப்புகின்றார். பத்திராதிபர் அதனை முதலிற் படித்துப் பார்த்து, தகுதியுண்டெனக் கருதினால், அத்துறையில் வல்லுநரான இருவர் மூவருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கின்றார். இவர்களே மதிப்பீட்டாளர்கள். பெரும்பாலும் இவர்கள் ஊதியம் பெறுவதில்லை. இவர்தம் பெயரும் எழுதியவருக்குத் தெரிவதில்லை. இவர்கள் கூறுவதைக் கொண்டே கட்டுரை ஏற்கப்படுவதும், திருத்தும்படி திருப்பப்படுவதும், தள்ளப்படுவதும் நிகழும். அச்சேறிய கட்டுரையே பின்னர் பாடநூலுக்கும் சிகிச்சை முறைக்கும் ஆதாரமாகின்றது. ஆதலின், இவ்வவையில் வீற்றிருப்போர் யாவர் என்னும் வினா நோயாளியின் கட்டில் வரை சென்று எட்டும் வினாவாகும்.

புகழ்பெற்ற பழைய சஞ்சிகைகள் ஒருசில நகரங்களிலே தோன்றியவை. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1812ஆம் ஆண்டிலே தொடங்கியது நியூ இங்கிலாந்து வைத்திய சஞ்சிகை. லண்டனில் 1823ஆம் ஆண்டிலே தோமஸ் வாக்லி என்பவர் தொடங்கியது லான்செற். அக்காலத்தில் எழுதியோரும், படித்தோரும், குற்றங்குறை கண்டோரும் ஏறக்குறைய ஒரே வட்டாரத்தினர். இன்றோ சீனா, இந்தியா, பிரேசில், ஈரான் முதலிய நாடுகளிலிருந்தும் கட்டுரைகள் வந்து குவிகின்றன. கட்டுரை வரும் திசைகள் பெருகிவிட்டன. ஆயினும், மதிப்பீட்டாளர் வரும் திசைகள் அதற்கேற்பப் பெருகவில்லை.

2018ஆம் ஆண்டில் பப்ளன்ஸ் என்னும் நிறுவனம் உலகளாவிய மதிப்பீட்டுப் பணியைப் பற்றி அறிக்கையொன்று வெளியிட்டது. விஞ்ஞானத்தில் முன்னமே வேரூன்றிய நாடுகளின் ஆராய்ச்சியாளர், தாம் அனுப்பும் கட்டுரையொன்றுக்கு ஏறத்தாழ 2 மதிப்பீடுகள் எழுதுகின்றனர். புதிதாக வளர்ந்துவரும் நாடுகளினரோ 0.6 அளவே எழுதுகின்றனர் என்று அது காட்டியது. இதனை மேலோட்டமாகப் பார்ப்போர், பின்னையவர் உழைக்கப் பின்நிற்கின்றனர் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. அழைப்புக் கிடைத்தால் அவர்கள் மற்றையோரைவிட விருப்புடன் ஏற்கின்றனர் என்பதையும் அவ்வறிக்கையே கூறுகின்றது. குறைவாயிருப்பது அழைப்பேயாகும். பத்திராதிபர்கள் தாம் அறிந்தவர்களையே, தம் நாட்டின் பக்கத்தவர்களையே மிகுதியாக அழைக்கின்றனர்.

அவையோர் எந்நாட்டவராயிருந்தால் என்ன, தீர்ப்பு ஒன்றுதானே என்று நேயர்கள் வினவலாம். அஃது ஆராயப்பட்டிருக்கின்றது. இரைப்பை, குடல் நோய்களுக்குரிய காஸ்ட்ரோஎன்டெரோலஜி என்னும் அமெரிக்கச் சஞ்சிகைக்கு 1995, 1996ஆம் ஆண்டுகளில் வந்த கட்டுரைகளைப் பற்றிய ஆய்வொன்று 1998ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிறநாட்டுக் கட்டுரைகளை அமெரிக்க மதிப்பீட்டாளரும் ஏனையோரும் ஒரே விதமாகவே எடைபோட்டனர். அமெரிக்கக் கட்டுரைகளை இருசாராரும் சற்று உயர்வாக மதித்தனர். எனினும் அமெரிக்கர் அவற்றின்பாற் காட்டிய விருப்பு மேலும் மிகுந்திருந்தது. இங்கே காணப்படுவது அயலாரிடத்துப் பகையன்று, தம்மவரிடத்துப் பரிவு. பரிவும் துலாக்கோலைச் சாய்க்கும்.

அமெரிக்க இருதயச் சங்கம் தன் வருடாந்த மகாநாட்டுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடும் முறையை 2002ஆம் ஆண்டில் மாற்றியது. அதற்குமுன் எழுதியவர் பெயரும் நிறுவனமும் மதிப்பீட்டாளருக்குத் தெரிந்திருந்தன. பின்னர் அவை மறைக்கப்பட்டன. 2000 முதல் 2004 வரை வந்த 67,275 சுருக்கங்கள் ஆராயப்பட்டு, முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பெயர் தெரிந்த காலத்தில் அமெரிக்கச் சுருக்கங்களில் நூற்றுக்கு 40.8 வீதமும், பிறநாட்டவற்றுள் 22.6 வீதமும் ஏற்கப்பட்டன. பெயர் மறைத்த பின்னர் இவை முறையே 33.4 வீதமும் 23.7 வீதமும் ஆயின.

இவ்விலக்கங்களை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். இடைவெளி குறைந்ததே தவிர மறைந்துபோகவில்லை. மறைந்த பங்கு பெயருக்குக் கிடைத்த சலுகை. எஞ்சிய பங்குக்கு ஆய்வு வசதி, பணம், ஆங்கிலப் பயிற்சி முதலிய வேற்றுமைகள் காரணமாகலாம். பெயரை மறைத்தல் அநீதியின் ஒரு பகுதியைக் களையும், அறிவின்மையைக் களையாது. நெல்வயலில் பாம்பு தீண்டிய உழவனைக் கண்டறியாத மதிப்பீட்டாளருக்குக் கட்டுரையாளரின் பெயரை மறைத்ததனால் அந்நோயைப் பற்றிய அனுபவம் வந்துவிடுமா? இலங்கை போன்ற நாடுகளின் கிராமங்களில் என்றும் உயிர் கொண்டுவந்த பாம்புக்கடி, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் முதன்மை வரிசையில் 2017ஆம் ஆண்டிலேதான் இடம்பெற்றது.

இடமறிந்தோரின் அறிவு எத்துணை மதிப்புடையது என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். 1971ஆம் ஆண்டில் வங்காளதேச விடுதலைப் போரின்போது, இந்திய எல்லைக்குள் வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் திரவம் போதவில்லை. திலீப் மகலனாபிஸ் என்னும் வைத்தியர் குளுக்கோசு, கறியுப்பு, அப்பச்சோடா ஆகியவற்றை நீரிற் கரைத்து, நோயாளரின் உறவினரைக் கொண்டே பருகக் கொடுப்பித்தார். நூற்றுக்கு 30 அளவிலிருந்த மரணம் அவர் முகாமில் 3.6 ஆகக் குறைந்தது. இவ்வாய்வு 1973ஆம் ஆண்டில் அச்சேறியது. சகல வசதிகளும் உள்ள வைத்தியசாலையை மாத்திரம் அறிந்தவர், முகாமின் சேற்றுத் தரையில் நடந்த இத்தகைய ஆய்வின் பெறுமதியை எளிதில் உணரார்.

ஆகவே செய்யத்தக்கவை இரண்டு. பத்திராதிபர்கள் எந்நோயைப் பற்றிய கட்டுரையாயினும் அந்நோய் வாழும் நாட்டிலிருந்து ஒருவரையேனும் மதிப்பீட்டுக்கு அழைத்தல் வேண்டும். ஆங்கில நடையின் வழுவை ஆராய்ச்சியின் வழுவாகக் கொள்ளுதல் ஆகாது. கீழைத்தேய ஆராய்ச்சியாளரும் சலுகையை வேண்டாது, அழைப்பு வந்தால் ஏற்று, தம் இளையோரையும் மதிப்பீட்டுக் கலையிற் பயிற்றுதல் வேண்டும். இலங்கையில் 1887ஆம் ஆண்டு முதல் வைத்திய சஞ்சிகையொன்று நடந்துவருவதால் இக்கலை இந்நாட்டுக்குப் புதியதன்று. அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்; ஆனால் அதனைப் பிடிக்கும் கைகள் பல திசைகளிலிருந்தும் வரட்டும். அப்பொழுதே வயலோரத்து நோயாளிக்கும் நகரத்து நோயாளிக்கும் வைத்திய சாத்திரம் ஒரே நீதி வழங்கும்.