நன்கொடை உறுதியும் குடும்ப நலனும்

ஈன்றோர் தம் மக்களுக்கு வீடும் நிலமும் எழுதிக் கொடுத்தல் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியமர்ந்த குடும்பங்கள் பல, உத்தியோகத்தாலும் வாணிகத்தாலும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு ஆங்கே ஒரு வீட்டையோ தொடர்மாடியில் ஓர் இல்லத்தையோ வாங்கின. மகளுக்கு மணம் நிகழுங்கால் அது சீதனமாகின்றது; முதுமை வருங்கால் மகனுக்குரிய நன்கொடையாகின்றது. கொடுக்கும் எண்ணம் அன்பிற் பிறப்பது. அக்கொடை நிலைபெறுவதோ சட்டம் வகுத்த முறையைப் பொறுத்தது. 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்னும் பழமொழி கொடைக்கும் பொருந்துவதேயாம்.

கொட்டாஞ்சேனையில் வாழும் கைம்பெண்ணொருவரைக் கருதிப் பார்க்கலாம். அவருக்குரிய செல்வம் ஒரு வீடு மட்டுமே. "இவ்வீடு இளைய மகனுக்கே" என்று அவர் உற்றார் பலர் முன்னிலையிற் கூறுகின்றார். கடிதமொன்றும் எழுதிக் கையொப்பமிடுகின்றார். இவற்றால் வீடு மகனுக்கு உரித்தாகுமா? ஆகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தைக் கைமாற்றும் உறுதி எழுத்தில் அமைதல் வேண்டும். கொடுப்பவர் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே வேளையில் உடனிருக்கும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடல் வேண்டும். நொத்தாரிசும் சாட்சிகளும் அதனை அத்தாட்சிப்படுத்தல் வேண்டும். ஒரு சாட்சி காலையிலும் மற்றவர் மாலையிலும் வந்து கையொப்பமிட்டால் அந்த உறுதி பழுதுடையதாகும்.

இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகின்றனர். இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, பெறுபவர் ஏற்றுக்கொண்டாலன்றி நன்கொடை நிறைவு பெறாது. ஆகவே ஏற்பும் உறுதியிலேயே எழுதப்பட்டு, பெறுபவரும் கையொப்பமிடுதல் சாலச் சிறந்தது. மகன் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழ்வானாயின், அற்றோணித் தத்துவம் பெற்ற ஒருவர் அவனுக்காக ஏற்கலாம். பெறுபவர் பராயமடையாத பிள்ளையாயின் கூடுதல் கவனம் வேண்டும். தந்தையே கொடுப்பவராகவும் பிள்ளைக்காக ஏற்பவராகவும் இருப்பது வழக்குக்கு இடமளிக்கும்; தாயோ மாமனோ ஏற்றுக்கொள்ளுதல் நன்று.

கொடுப்பவர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்பது அடுத்த வினா. யாழ்ப்பாணத்து வழக்கங்கள் 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் ஆட்சியிலே தேசவழமை எனத் தொகுக்கப்பட்டன. அச்சட்டத்துக்கு உட்பட்டவர் கொழும்பிலே வீடு வாங்கிய காரணத்தால் மட்டும் அதினின்று நீங்கிவிடுவதில்லை. அவ்வாறு உட்பட்ட மணமான பெண், தன் அசையாச் சொத்தைக் கணவரின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாற்றலாகாதென 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டம் விதித்தது. மணவாழ்க்கையில் ஈட்டிய தேடிய தேட்டத்திலே மற்றவருக்கும் பங்குண்டு என்பதையும் மறத்தலாகாது. இவ்விதிகள் கையொப்பமிடும் நாளில் எந்நிலையில் உள்ளன என்பதை நொத்தாரிசிடம் கேட்டறிந்த பின்னரே பேனாவை எடுத்தல் வேண்டும்.

உறுதி முடிந்ததும் அதனைப் பெட்டியிலே பூட்டி வைப்போர் உளர். அதனைக் காணிப் பதிவகத்திற் பதிவு செய்தல் இன்றியமையாதது. பதியாத உறுதியும் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே செல்லும். ஆயினும் கொடுத்தவர் அதே வீட்டைப் பின்னர் வேறொருவருக்கு விற்று, வாங்கியவர் வஞ்சகமின்றி முந்திப் பதிவாராயின், 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பதிவுச் சட்டம் வாங்கியவருக்கே முதன்மை அளிக்கின்றது.

இனி வரிகளைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டில், பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனையைத் தழுவி இந்நாட்டில் நன்கொடை வரி புகுத்தப்பட்டது. பின்னர் அது நீக்கப்பட்டது. நன்கொடைக்கும் மரபுரிமைக்கும் மீண்டும் வரி விதிக்கும் நோக்கம் 2023ஆம் ஆண்டிற் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்பாட்டிலே இடம்பெற்றமையால், அவ்வப்போதைய நிலையை அறிதல் நலம். முத்திரைத் தீர்வை மாகாணத்துக்கு உரியது. நன்கொடைக்கு முதல் 50,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 3 வீதமும், எஞ்சியதற்கு 2 வீதமும் வழங்கிவந்த விகிதமாகும். அதன்படி ஒரு கோடி ரூபா பெறுமதியுள்ள வீட்டுக்கு 2,00,500 ரூபா செலுத்த வேண்டும். அதே வீட்டை விற்பதாயின் தீர்வை ஏறத்தாழ இரு மடங்காகும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் மூலதன ஆதாய வரியை மீண்டும் கொணர்ந்தது. காசு வாங்காது கொடுத்தாலும், சந்தைப் பெறுமதியைப் பெற்றதாகவே அச்சட்டம் கொடுத்தவரைக் கருதக்கூடும். மூன்றாண்டுகள் தொடர்ந்து உரிமையில் வைத்து, அவற்றுள் இரண்டாண்டுகளேனும் தாமே வாழ்ந்த முதன்மை இல்லத்துக்கு அது விலக்களிக்கின்றது.

தீர்வையை எண்ணிக் கவலுவோர், அதனினும் பெரிதாகிய ஒன்றை எண்ணுவதில்லை. முன்னர்க் கூறிய தாய் சட்டப்படி எழுதி, வீட்டை முழுமையாகக் கொடுத்துவிட்டார் எனக் கொள்வோம். மகன் அதனை விற்க முற்பட்டால் அத்தாய் எங்கே செல்வார்? இதற்குப் பரிகாரம் உறுதியிலேயே உண்டு. தம் வாழ்நாள் முழுவதும் அவ்வீட்டில் வாழவும் வாடகை பெறவும் சீவிய உருத்தை ஒதுக்கிவைத்து எழுதலாம். கொடையை மீளப்பெறும் உரிமையையும் ஒதுக்கலாம். மீளப்பெற முடியாதென எழுதிய பின்னர் வழி மிகக் குறுகியது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பெறுபவரின் பெரும் நன்றிகேட்டை நீதிமன்றில் நிறுவினாலன்றி அதனை மீட்க இயலாது. அவ்வழக்கையும் காரணம் தோன்றி இரண்டு ஆண்டுகளுக்குள், உறுதி எழுதிப் பத்து ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். முதுமையிலே பெற்ற பிள்ளைமேல் வழக்காடுவதினும், முன்னரே ஒரு வரியைச் சேர்த்து எழுதுதல் எளிதன்றோ?

கையொப்பமிடும் நாளிலே பெற்றோர் உறுதியைத் தமிழில் வாசிப்பித்து, ஒவ்வொரு சொல்லையும் உணர்ந்துகொள்ளல் வேண்டும். பெற்றோரின் சீவிய உருத்தை எழுதுமாறு பிள்ளைகளே முன்வந்து கேட்பாராயின், அதனினும் சிறந்த பிள்ளைக் கடன் பிறிதில்லை.