கப்பல் ஆராய்ச்சி யாருக்கு?

(செஞ்சிக் கோட்டைக்கு அண்மையிலுள்ள மேல்சித்தாமூரில், விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் திரளாகக் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் கப்பலைப் பற்றிப் பேசப் போகிறோம். “சுற்றிலும் பாறைக் குன்று, காலடியில் மல்லாட்டைக் கொல்லை. இங்கே நிற்கிறவனுக்குக் கப்பல் எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

நாம் வயலில் இறைக்கும் பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. மில் தொழிலாளி நூற்கும் நூல் கப்பலில் போகிறது. பஸ் ஓட்டும் டீசலுக்கான கச்சா எண்ணெயில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. எடைக் கணக்கில் பார்த்தால், நம் தேசத்தின் வெளிநாட்டு வியாபாரத்தில் 100க்கு 95 பங்கு கடல் வழியாகத்தான் நடக்கிறது. கடலும் வெகுதூரத்தில் இல்லை. நம் விழுப்புரம் மாவட்டத்துக்கே மரக்காணத்தில் கடற்கரை இருக்கிறது. மீனவக் குப்பங்கள் இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 செப்டம்பர் 24-ம் தேதி மத்திய சர்க்கார், கப்பல் கட்டும் தொழிலை வளர்க்க 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இந்தியக் கடல்சார் பல்கலைக் கழகத்தின் கீழ் ‘இந்தியக் கப்பல் தொழில்நுட்ப மையம்’ என்ற ஆராய்ச்சி நிலையம் அமைப்பதும் அந்தத் திட்டத்தில் அடங்கும். இது யார் வீட்டுப் பணம்? சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் நாம் கொடுக்கும் வரியும் அதில் இருக்கிறது. ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு: என்ன ஆராய்ச்சி? யாருக்காக ஆராய்ச்சி?

தோழர்களே! நாம் கப்பல் தொழிலுக்கு விரோதிகள் அல்ல. தமிழகத்தில் கப்பலும் தொழிலாளர் போராட்டமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளைதான், 1908-ல் அதே ஊரில் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கும் தலைமை தாங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அவருடைய கப்பலை நசுக்கப் பார்த்தது. வெள்ளைக்கார சர்க்கார் அவரைச் சிறையில் தள்ளியது. 1948 மார்ச்சில் விசாகப்பட்டினத்தில் ‘ஜல உஷா’ என்ற கப்பல் நீரில் இறங்கியபோது தேசமே மகிழ்ந்ததற்குக் காரணம் அதுதான். நம் கப்பலை நாமே கட்ட வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

சரி, கப்பல் ஆராய்ச்சி என்றால் என்ன?

வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அளவாக ஏற்றினால் நேராகப் போகும். ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் இரண்டு ஆள் உயரம் ஏற்றினால், வரப்பில் ஒரு சக்கரம் ஏறியதும் குடை சாய்ந்துவிடும். பாரம் மேலே ஏற ஏறச் சாய்வதும் சுலபம். கப்பலுக்கும் இதே கதைதான். கப்பலின் அடியில் உள்ள தொட்டிகளில் கடல் நீரை ஏற்றியும் இறக்கியும் அதை நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். எவ்வளவு பாரம் எங்கே இருக்க வேண்டும், எந்த அலையில் எவ்வளவு சாயும், சாய்ந்தால் திரும்ப நிமிருமா என்பதையெல்லாம் கணக்கிடுவது இந்த ஆராய்ச்சி.

1872-ல் இங்கிலாந்தில் வில்லியம் புரூடு என்ற பொறியாளர் நீண்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டினார். மெழுகினால் சின்னக் கப்பல்களைச் செய்து, அந்தத் தொட்டியில் இழுத்துப் பார்த்தார். பெரிய கப்பலைக் கட்டி மூழ்கடித்துப் பாடம் படிப்பதற்குப் பதில், சின்னக் கப்பலை வைத்து முன்கூட்டியே அறியலாம் என்று காட்டினார். அப்படிப்பட்ட இழுவைத் தொட்டி இன்று சென்னை ஐ.ஐ.டி.யிலும் இருக்கிறது.

ஆக, விஞ்ஞானம் வந்துவிட்டது. மாலுமி பிழைத்தானா? அதுதான் கேள்வி!

அதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? முதலாளிகள் ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மீறிச் சரக்கை ஏற்றினார்கள். கப்பல் கரை சேர்ந்தால் சரக்கில் லாபம்; மூழ்கினால் இன்ஷூரன்சில் லாபம். மாலுமிகள் அந்தக் கப்பல்களைச் ‘சவப்பெட்டி’ என்று அழைத்தார்கள். ஏற மறுத்த மாலுமிகளைச் சிறையில் போட்டார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் இதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார். ஜனங்கள் அவர் பின்னே நின்றார்கள். 1876-ல் சட்டம் வந்தது: கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு போட வேண்டும், அந்தக் கோடு நீரில் மூழ்கும்படி பாரம் ஏற்றக் கூடாது என்று. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதை முதலாளியின் இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்கள்! புகைபோக்கியின் மேல் கோடு போட்டவனும் உண்டு என்று சொல்வார்கள். கோட்டின் இடத்தைச் சர்க்காரே நிர்ணயிக்கும் சட்டம் 1890-ல்தான் வந்தது. இடையில் 14 ஆண்டுகள்.

இன்று உலகத்தின் எல்லாச் சரக்குக் கப்பல்களிலும் அந்த வட்டமும் குறுக்குக் கோடும் இருக்கின்றன. அந்தக் கோட்டை வரைந்தது பெயின்ட் மட்டுமல்ல. போராட்டமும் சேர்ந்துதான் வரைந்தது. 1912-ல் டைட்டானிக் கப்பலிலும் இதே பாடம்தான். சுமார் 2,200 பேர் இருந்த கப்பலில் உயிர்காப்புப் படகுகளில் இருந்த இடம் 1,178 பேருக்கு மட்டுமே. சுமார் 1,500 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகே, 1914-ல், கடலில் உயிர்காக்கும் முதல் சர்வதேச ஒப்பந்தம் உருவாயிற்று. படகு செய்யத் தெரியாமலா அதுவரை இருந்தார்கள்? தெரிந்தது, செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த ஆளில்லை.

இது பழங்கதை அல்ல. நம் கரைக்கு வருவோம்.

2017 ஜனவரி 28-ம் தேதி விடியற்காலையில், எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலில் கொட்டியது. கசிவே இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். இரண்டொரு நாளில் கரை முழுவதும் கறுத்துவிட்டது. செவ்வாய்க் கிரகத்துக்கு விண்கலம் அனுப்பிய தேசம் அந்த எண்ணெயை எதைக் கொண்டு அள்ளியது? வாளியைக் கொண்டு! மீனவர்களும் மாணவர்களும் தொண்டர்களும் அந்தக் கரிய சேற்றில் இறங்கிக் கையால் அள்ளினார்கள். அள்ளிய சேற்றை நுண்ணுயிர்களை விட்டுச் சிதைக்கும் முறையைப் பின்னர் கையாண்டார்கள். நம் விஞ்ஞானிகளிடம் அறிவு இருந்தது. கரையில் கருவிதான் இல்லை.

2025 மே மாதம் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற கப்பல் விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் சாய்ந்தது. 25-ம் தேதி மூழ்கியது. 1997-ல் கட்டிய பழைய கப்பல். அதிலிருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். அந்த மட்டில் மகிழ்ச்சி. ஆனால் 640க்கு மேற்பட்ட கன்டெய்னர் பெட்டிகளும், சுமார் 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும் கப்பலோடு போயின. பிளாஸ்டிக் குருணைகள் கேரளக் கரையிலும் நம் கன்னியாகுமரிக் கரையிலும் வந்து குவிந்தன. அரிசிக் குருணை மாதிரி இருக்கும், ஆனால் மட்காது. இரை என்று நினைத்து மீன் விழுங்கும். எறும்புக்கும் தீங்கு நினையாதே என்று சொல்லும் ஜைன மடம் உள்ள ஊர் இது. ஒரு கப்பல் எத்தனை கோடி உயிர்களுக்குத் தீங்கு செய்கிறது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கப்பல் பறக்கவிட்டது லைபீரியா நாட்டுக் கொடி. கம்பெனியோ ஐரோப்பாவில். இது என்ன வித்தை? நமக்குத் தெரிந்த வித்தைதான்! நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பெரிய நிலச்சுவான்தார்கள் வண்டிக்காரன் பெயரிலும் சமையல்காரன் பெயரிலும் பட்டா எழுதி வைக்கவில்லையா? அந்தப் பினாமி கடலிலும் நடக்கிறது. எந்த நாட்டில் வரி குறைவோ, கெடுபிடி குறைவோ, அந்த நாட்டில் கப்பலைப் பதிவு செய்துகொள்கிறார்கள். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கரையில் வலை உலர்த்தும் மீனவனுக்கும், கூடை சுமந்து மீன் விற்கும் தாய்க்கும் அதில் என்ன கிடைக்கும் என்பதே நமக்கு முக்கியம்.

ஒக்கிப் புயலை மறக்க முடியுமா? 2017 நவம்பர் கடைசியில் அது குமரிக் கடலில் வீசியபோது, ஆழ்கடல் படகுகள் முன்பே வெகுதூரம் போய்விட்டிருந்தன. கரையில் எச்சரிக்கை இருந்தது. படகுக்கு அதைச் சொல்ல வழியில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டார்கள், காணாமற் போனார்கள். குமரி மாவட்டத்து மீனவர்கள் ரயில் மறியல் செய்தார்கள். தாய்மார்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். பிறகுதான் வேலை வேகமாக நடந்தது. 2019-ல் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் ‘ஜெமினி’ கருவி வந்தது. ஆனால் அது செய்தியைக் கேட்கும், திரும்பப் பேசாது. மூழ்குகிறவன் “காப்பாற்று” என்று சொல்ல முடியாது. பின்னர் இஸ்ரோ இருவழிக் கருவியை உருவாக்கியது. 1 லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டம் 2024-ல் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல காரியம், வரவேற்கிறோம். விஞ்ஞானி ஒரு கையும் போராடும் ஜனங்கள் ஒரு கையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

கப்பலைக் கட்டும் தொழிலாளியின் நிலை என்ன? 2018 பிப்ரவரியில் கொச்சித் தளத்தில் பழுது பார்த்துக்கொண்டிருந்த கப்பலில் வெடிவிபத்து. 5 தொழிலாளர் பலி. 2020 ஆகஸ்டு 1-ம் தேதி விசாகப்பட்டினத்தில் ராட்சத கிரேன் சரிந்தது. 11 பேர் பலி. அவர்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். குஜராத்தில் அலாங் கடற்கரையில் பழைய கப்பல்களை உடைக்கிறார்களே, அங்கே வடநாட்டு ஏழை விவசாயிகளின் பிள்ளைகள் கல்நார்த் தூசிலும் எரிவாயுவிலும் வேலை செய்கிறார்கள். 69,725 கோடித் திட்டத்தில், கப்பலை இங்கே உடைக்கக் கொடுக்கும் முதலாளிக்குச் சலுகைச் சீட்டு உண்டு; அதற்கு 4,001 கோடி. உடைக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கு எந்தச் சீட்டு?

2024 பிப்ரவரியில் ஹைட்ரஜனில் ஓடும் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொடியசைத்துத் தொடங்கினார்கள். கொச்சித் தளத்தில் கட்டிய படகு. புகை இல்லை, நீராவிதான் வெளியே வரும். பெருமைப்படுவோம். ஆனால் அந்தப் படகுக்கு வெல்டிங் வைத்த கையும் புகையில்லாமல் மூச்சு விட வேண்டாமா?

ஆகவே, தோழர்களே, நாம் கேட்பது இவை:

ஒன்று: புதிய கப்பல் தொழில்நுட்ப மையத்தின் ஆலோசனைக் குழுவில் மீனவர், மாலுமி, கப்பல் தளத் தொழிலாளர் ஆகியோரின் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும்.

இரண்டு: ஆழ்கடல் விசைப்படகுக்கு மட்டுமல்ல, மரக்காணத்துச் சின்ன பைபர் படகுக்கும் இலவசக் கருவி வேண்டும். பழுதானால் சரிசெய்யத் துறையிலேயே ஆள் வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு மீன்பிடித் துறையிலும் எண்ணெய் அள்ளும் கருவியும், கூலியோடு பயிற்சி பெற்ற உள்ளூர்ப் படையும் வேண்டும். செலவைக் கப்பல் முதலாளியிடம் வசூலிக்க வேண்டும்.

நான்கு: சர்க்கார் பணம் பெறும் ஒவ்வொரு கப்பல் தளத்திலும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே பாதுகாப்பு, ஒரே நஷ்டஈடு வேண்டும்.

மில்லில் பஞ்சுத் தூசு நம் மார்பை அடைக்கிறது. வயலில் முகமூடி இல்லாமல் பூச்சிமருந்து அடிக்கிறோம். கடலில் மீனவன் கருவியில்லாமல் மூழ்குகிறான். மூன்று இடத்திலும் தடுக்கும் வழி விஞ்ஞானத்துக்குத் தெரியும். மூன்று இடத்திலும் செலவு செய்ய மனமில்லாதவன் ஒருவனே. ஆகையால் மூன்று இடத்திலும் சண்டையும் ஒன்றே.

அடுத்த மாதம் இந்தக் கோரிக்கைகளுக்கு மரக்காணம் குப்பங்களில் கையெழுத்து வாங்கப் போகிறோம். மேல்சித்தாமூரிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் தோழர்கள் உடன் வர வேண்டும். ஏர் பிடித்த கையும் வலை பிடித்த கையும் ஒரே மனுவில் பதியட்டும்!