நிலையங்கள் கைமாறிய கதை



ஒரு வீடு கைமாறினால் தெருவுக்கே தெரிந்துவிடும். புதியவர் சுவருக்கு வேறு வண்ணம் பூசுவார். வாயிலில் வேறு பெயர்ப்பலகை தொங்கும். வானொலி நிலையம் ஒன்று கைமாறினால் இத்தகைய அடையாளம் எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. அதே அலைவரிசையில், அதே நேரத்தில், யாரோ ஒருவர் பேசிக்கொண்டுதான் இருப்பார். அவர் எந்த ஊரிலிருந்து பேசுகிறார், நம் ஊரை அறிந்தவரா அறியாதவரா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊருக்கு ஊர் தோன்றிய சிறு நிலையங்கள் பெரிய அமைப்புகளின் கைக்குச் சென்ற வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் மதுரையைச் சேர்ந்த செல்லூரில். ஓய்வு பெற்ற பின்னரும் அங்கேயே வாழ்ந்து வருகிறேன். வைகையின் வடகரையிலுள்ள அப்பகுதி தறிக்குப் பெயர்போனது. 1960களின் இறுதியில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் வானொலிப் பெட்டி இருந்தது. நான்கு தறிகள் வைத்திருந்த பெரியவர் ஒருவரின் வீடு அது. அவரைத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் மாமா என்றே அழைப்போம். பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டிய காலம் அது. கட்டணம் மாமாவுடையது, கேள்வி இன்பம் தெருவார் அனைவருக்கும் உரியது. ஒரு முறை நான் திருகியைத் தவறாகத் திருப்பி, செய்தி நேரத்தில் இலங்கை வானொலியின் திரைப்பாட்டு ஒலிக்கச் செய்ததற்காக என் காது முறுக்கப்பட்டதும் உண்டு.

அப்போது எங்களுக்குக் கிட்டியது திருச்சி நிலையம். 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்ற அந்நிலையம் எங்களிடமிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஆயினும் அது எங்களுக்கு அயல் நிலையமாகத் தோன்றியதில்லை. காவிரிப் பாசன உழவர்களுக்கு அது ஆற்றிய பணி தனியே சொல்லத்தக்கது. 1960களில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் வகையைப் பற்றி அந்நிலையம் இடைவிடாது எடுத்துரைத்தது. அதைக் கேட்டுப் பயிரிட்ட தஞ்சை உழவர்கள், அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று தாமே பெயர் சூட்டினார்கள். எந்த மண்ணில் எது விளையும் என்று அறிந்தவர்கள் நிலையத்தில் இருந்தமையால் விளைந்த பெயர் அது. மதுரைக்கெனத் தனி நிலையம் 1987ஆம் ஆண்டில்தான் வந்தது.

நிற்க. நம் நாட்டில் வானொலி முதலில் அரசாங்கத்தின் பிள்ளையாகப் பிறக்கவில்லை. ஆர்வலர் சிலரின் விளையாட்டுப் போலவே அது தொடங்கிற்று. சென்னையில் 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் 'சென்னை மாகாண வானொலிச் சங்கம்' நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் கருவியின் ஆற்றல் 40 வாட். ஓர் அறையில் எரியும் பழைய குண்டு விளக்கின் ஆற்றல் என்று கொள்ளுங்கள். அவ்வளவு சிறிய பொறியைக்கொண்டு நகரத்துக்கு இசையும் பேச்சும் வழங்கினார்கள். ஆனால் ஆர்வம் மட்டும் மின்கட்டணம் செலுத்துமா? மூன்றே ஆண்டுகளில் கையிருப்புக் கரைந்தது. 1927இல் சங்கம் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. அதன் கருவி சென்னை மாநகராட்சிக்குக் கொடையாக அளிக்கப்பட்டது.

அதே 1927ஆம் ஆண்டில், பம்பாயில் ஜூலை 23ஆம் நாளும் கல்கத்தாவில் ஆகஸ்டு 26ஆம் நாளும் 'இந்திய ஒலிபரப்புக் கம்பெனி' என்னும் தனியார் நிறுவனம் இரண்டு நிலையங்களைத் திறந்தது. பதினைந்து இலட்சம் ரூபாய் மூலதனம் திரட்டத் திட்டமிட்டவர்களுக்கு ஆறு இலட்சமே சேர்ந்தது. அதிலும் பெரும் பகுதி நிலையங்களை அமைப்பதிலேயே செலவாயிற்று. உரிமம் பெற்றுப் பெட்டி வைத்திருந்தோரோ நாடு முழுவதிலும் சில ஆயிரம் பேர்தான். 1930 மார்ச்சு முதல் நாளன்று கம்பெனி கலைக்கப்பட்டது. அடுத்த மாதமே அவ்விரு நிலையங்களையும் அரசாங்கம் ஏற்று நடத்தலாயிற்று. 1936 ஜூன் 8ஆம் நாள் அவ்வமைப்புக்கு அகில இந்திய வானொலி என்னும் பெயர் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அரசாங்கம் பம்பாய், கல்கத்தா நிலையங்களை ஏற்ற அதே 1930 ஏப்ரல் முதல் நாளில் சென்னை மாநகராட்சி தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. குப்பை அள்ளுவதும் குடிநீர் வழங்குவதும் போல, வானொலியும் ஒரு நகராட்சிப் பணியாக எட்டு ஆண்டுகள் அங்கே நடந்தது. பெட்டி வாங்க இயலாத ஏழை மக்கள் கடற்கரை மணலில் அமர்ந்து ஒலிபெருக்கி வாயிலாகக் கேட்டார்கள். இப்படி ஒரு காலம் இருந்தது என்பதை என் மாணவர்களிடம் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. எனக்கும் அதில் வியப்பில்லை. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிவுற்றது.

இம்மாற்றத்தால் நன்மை விளையவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆற்றல் மிக்க கருவிகள் வந்தன. கலைஞர்களுக்கு ஒழுங்காக ஊதியம் கிடைத்தது. நகரத்துக்கு வெளியே இருந்தவர்களும் கேட்க முடிந்தது. திருச்சி நிலையம் தோன்றியதே ஒரு பெரிய அமைப்பின் பொருள்வலிமையால்தான். ஆனால் இழப்பும் உண்டு என்பதற்கு மைசூரைப் பாருங்கள்.

மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசாமி, 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு நிலையத்தை அமைத்தார். 'ஆகாசவாணி' என்னும் பெயரை வழங்கியது அந்நிலையமே. விடுதலைக்குப் பின் சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபோது, அவற்றின் நிலையங்களும் அகில இந்திய வானொலியோடு இணைந்தன. பரோடா 1948இலும், மைசூர், திருவனந்தபுரம், ஐதராபாத் ஆகியவை 1950 ஏப்ரல் முதல் நாளிலும் வந்து சேர்ந்தன. பின்னர் மைசூர் நிலையம் தந்த பெயரையே நாடு முழுவதற்கும் பெயராகக் கொண்டார்கள். மைசூருக்கு நேர்ந்தது என்ன? 1955இல் நிலையம் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. நாட்டுக்கே பெயர் ஈந்த ஊர், தனக்கென ஒரு நிலையமின்றிப் பல்லாண்டு இருந்து, 1974இல்தான் அதனை மீண்டும் பெற்றது. கோப்புகளில் இது ஓர் இடமாற்றம் மட்டுமே. மைசூரில் பாடிக்கொண்டிருந்த ஒரு வித்துவானுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கோப்பு சொல்லாது.

இதுவரை நான் கூறியவை அரசாங்கம் ஏற்றுக்கொண்ட நிலையங்கள். விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கும் கலையை அறிய அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். அங்கே 1926ஆம் ஆண்டில் ஆர்.சி.ஏ. என்னும் நிறுவனம், தொலைபேசிக் கம்பெனியிடமிருந்து நியூயார்க் நிலையம் ஒன்றைப் பத்து இலட்சம் டாலருக்கு வாங்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு என்.பி.சி. என்ற இணையத்தைத் தொடங்கியது. ஒரே கம்பெனி இரண்டு இணையங்களை நடத்துவது தகாது என்று அந்நாட்டு ஆணையம் பின்னர் வற்புறுத்தவே, 1943இல் ஒன்றை எண்பது இலட்சம் டாலருக்கு விற்க நேர்ந்தது. இப்போதைய ஏ.பி.சி. அதன் வழிவந்ததே. வளர்ச்சிக்கு வரம்பு கட்டுவது அக்காலத்தில் அரசின் கடமையாகக் கருதப்பட்டது.

வரம்பு நீங்கினால் என்னவாகும் என்பதற்கு 'கிளியர் சேனல்' என்னும் கம்பெனி சான்று. 1972இல் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் ஒரே ஒரு நிலையத்தை வாங்கித் தொடங்கியது அது. 1996க்கு முன் எந்தக் கம்பெனியும் நாடு முழுவதிலும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. அவ்வாண்டில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அவ்வரம்பை அகற்றிற்று. சில ஆண்டுகளிலேயே கிளியர் சேனலின் நிலையங்கள் 1,200ஐத் தாண்டின.

ஆயிரம் நிலையங்களுக்கு ஆயிரம் அறிவிப்பாளர்களை வைத்துச் சம்பளம் கொடுத்தால் வாங்கியதில் இலாபம் ஏது? எனவே ஓர் ஊரில் இருப்பவர் பல ஊர்களுக்கான பேச்சை முன்கூட்டியே பதிவுசெய்து அனுப்பும் முறை பரவியது. ஊர்ப் பெயரை மட்டும் அங்கங்கே மாற்றிக்கொள்வார்கள். கணிப்பொறி அதனை உரிய நேரத்தில் ஒலிபரப்பும். கேட்பவருக்கு அவர் பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவதுபோலவே இருக்கும்.

2002 ஜனவரி 18ஆம் நாள் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்னும் ஊரருகே நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி அளவில் ஒரு சரக்கு இரயில் தடம்புரண்டது. அமோனியா நச்சுப்புகை ஊரைச் சூழ்ந்தது. ஒருவர் உயிரிழந்தார், நூற்றுக்கணக்கானோர் துன்புற்றனர். அவ்வூரின் வணிக நிலையங்களில் ஆறு அந்த ஒரே கம்பெனிக்கு உரியவை. நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் எவரும் எடுக்கவில்லை என்று காவல்துறையினர் கூறினர். நிலையத்தில் ஊழியர் ஒருவர் இருந்தார், காவல்துறைதான் எச்சரிக்கைக் கருவியைச் சரிவர இயக்கவில்லை என்று கம்பெனி விடையளித்தது. இரு தரப்பையும் உங்கள் முன் வைத்துவிட்டேன். வீட்டுக்குள் விழித்தெழுந்து, கண் எரிய, வானொலியைத் திருகிய மனிதருக்கு எந்த விடை பயன்பட்டிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வாங்கிக் குவித்த அக்கம்பெனியும் கடன் சுமையைத் தாங்க இயலாமல், பெயரை ஐஹார்ட்மீடியா என்று மாற்றிக்கொண்ட பின், 2018இல் திவால் பாதுகாப்பை நாட நேர்ந்தது. கடன் ஏறத்தாழ 2,000 கோடி டாலர்.

நம் நாட்டிலோ, 2001ஆம் ஆண்டில் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை நிலையம் தொடங்கியது. பின்னர் ஏலத்தின் வாயிலாக ஊர் ஊராக உரிமம் வழங்கினார்கள். மதுரைக்கும் அவை வந்தன. 2005ஆம் ஆண்டுக் கொள்கையில், எந்த ஒரு நிறுவனமும் நாட்டிலுள்ள தனியார் நிலையங்களில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று வரம்பிட்டிருந்தார்கள். 2022இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. தனியார் நிலையங்கள் தாமே செய்தி தொகுத்து வழங்க இன்றும் அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பலாம். ஆயினும் போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு ஆகியவற்றோடு, உள்ளூர் நிர்வாகம் தரும் மின்சார, குடிநீர், பேரிடர் அறிவிப்புகளைச் சொல்ல விதி இடமளிக்கிறது. மாணவர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில் நான் இனிச் சொல்லப்போவது அதைப் பற்றியதே.

2024 அக்டோபர் 25ஆம் நாள் மதுரையில் பெருமழை கொட்டியது. செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடிக் கால்வாய் கரைமீறி, எங்கள் பகுதித் தெருக்களில் நீர் புகுந்தது. தறிக் குழிகள் நிரம்பின. பாவு நூல் நனைந்தால் நெசவாளிக்கு அது எத்தகைய இழப்பு என்று செல்லூரில் பிறந்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை. என் பேரன் வைத்திருந்த கைப்பேசியும் சற்று நேரத்தில் அணைந்துவிட்டது. பரணிலிருந்த பழைய டிரான்சிஸ்டரை எடுத்துத் திருகினேன். கிடைத்தது ஒரு நிலையம். இனிய குரலில் ஒரு பெண்மணி, மழைக்கு இதமாகச் சூடான தேநீரோடு கேளுங்கள் என்று சொல்லி ஒரு காதல் பாட்டை ஒலிபரப்பினார். நீர் என் முழங்காலளவு நின்றது. அவர்மீது எனக்குச் சினம் எழவில்லை. அவர் எந்த ஊரில், எந்த நாளில் அதனைப் பேசிப் பதிவு செய்தாரோ!

மேலும் சில முறை திருகிப் பார்த்துவிட்டு, பெட்டியை உயரத்தில் வைத்தேன். அப்போது தெருமுனையிலிருந்து ஒலிபெருக்கி ஓசை கேட்டது. கோயில் விழாக்களுக்கு மைக்செட் கட்டும் இளைஞர் ஒருவர்; என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர். மூன்று சக்கர வண்டியில் மின்கலத்தையும் ஒலிபெருக்கியையும் ஏற்றிக்கொண்டு, இடுப்பளவு நீரில் தள்ளி வந்தார். எந்தச் சந்தில் நீர் ஏறுகிறது, எந்த வீட்டு மாடியில் இடமிருக்கிறது, தனியே இருக்கும் பாட்டியை யார் தூக்கி வரவேண்டும் என்று பெயர் சொல்லிச் சொல்லிக்கொண்டே போனார். என் வீட்டருகே வந்ததும் குரலைச் சற்றே தாழ்த்தி, "ஐயா, நீங்களும் மேலே ஏறிடுங்க" என்றார்.

நான் ஏறிக்கொண்டேன்.