மருந்துச் சீட்டும் ஒரு டிராயிங்தான்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படித்தவன் மருத்துவச் சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைப்பீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. டிராயிங்கைக் கையில் கொடுத்தால் எம்8 என்றால் எட்டு மில்லிமீட்டர் மரை, பி.சி.டி. என்றால் துளைகளின் மையம் போகிற வட்டத்தின் விட்டம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைலை எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஆவடியில் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறவர். ஒருநாள் இரவு இரண்டரை மணி. அம்மா எழுப்பினார். "டேய், அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுதுடா, கை நடுங்குது. கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் கொடுக்கட்டுமா?"

"சுகர்காரருக்குச் சர்க்கரையாம்மா? சும்மா இரு" என்று நான் அதட்டினேன். பட்டம் பெற்றவன் அல்லவா!

எதிர்வீட்டு அக்கா நர்ஸ். ஓடிப் போய்க் கதவைத் தட்டினேன். மீட்டரோடு வந்து விரலில் குத்திப் பார்த்தார். 48. "தம்பி, இது ஹைப்போ. சீக்கிரம் குளுக்கோஸ் கொண்டா!" கொடுத்த பதினைந்தாவது நிமிடம் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

விடிந்ததும் பீரோ மேலிருந்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தேன். "ஹைப்போ வந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட்" என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. ஹைப்போ, ஹைப்பர் இரண்டும் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். ஹைப்பர் என்றால் மிகுதி. ஹைப்போ என்றால் குறைவு. அந்த வித்தியாசம் தெரியாமல் போனதற்கு விலையாக என் அப்பாவையே கொடுத்திருப்பேன்.

அன்று அக்காவிடம் மாணவனாகச் சேர்ந்தேன். நாற்பது பக்க நோட்டில் எழுதியதில் கொஞ்சம் சொல்கிறேன்.

பி.டி. என்றால் நாளுக்கு இருமுறை. டி.டி.எஸ். மூன்று முறை. எச்.எஸ். படுக்கும் நேரம். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். எல்லாம் லத்தீன் சொற்களின் தலையெழுத்துக்கள். எஸ்.ஓ.எஸ். என்றால் ஆபத்து என்று பயப்பட வேண்டாம். தேவைப்பட்டால் மட்டும் எடுக்கவும், அவ்வளவுதான்.

பெரிய சொற்களை எந்திரத்தைப் போலப் பிரித்துப் பார்க்கலாம். ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி. காஸ்ட்ரைடிஸ் இரைப்பையில், ஹெப்படைடிஸ் கல்லீரலில். எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. பத்துப் பதினைந்து உதிரி பாகம் தெரிந்தால் நூறு சொல் புரியும்.

ஆனால் சுருக்கத்திலும் பள்ளம் உண்டு. ஓ.டி. என்றால் நம் ஊரில் நாளுக்கு ஒரு முறை. கண் மருத்துவத்தில் அதுவே வலது கண். இன்சுலினுக்கு யூனிட் என்று முழுதாக எழுதாமல் 'யூ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் 4 என்பது 40 ஆகத் தெரியும். நாம் துல்லியத்துக்காக 5.0 என்று எழுதுகிறோம். மருந்துச் சீட்டில் புள்ளி மங்கினால் அது 50. இதனால்தான் 2004இல் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன், எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. இங்கே இந்திய மருத்துவக் கவுன்சிலும் 2016இல், மருந்தின் பொதுப்பெயரைப் புரியும்படி, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது. நம் தொழிலில் தப்பு நடந்தால் ஸ்கிராப். அங்கே அப்படித் தூக்கிப் போட முடியுமா?

"இதெல்லாம் தமிழில் வருமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக் கொடுத்தார். அவருடைய 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் அச்சேறின. கடல் கடந்து வந்தவர் நம் மொழியைக் கற்று நமக்குச் சொல்லித் தந்தார். நாம் நம் அம்மாவுக்கு ஒரு சீட்டைத் தமிழில் விளக்கக் கூடாதா?

ஒன்று மட்டும் எச்சரிக்கை. சொல் தெரிந்ததால் நாம் டாக்டர் ஆகிவிட மாட்டோம். அளவைக் கூட்டுவது, குறைப்பது நம் வேலை இல்லை. புரியாததைக் கூச்சப்படாமல் கேட்பதுதான் நம் வேலை. நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றாதீர்கள்; உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

தம்பி தங்கைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவின் ஃபைலை எடுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எப்போது, எத்தனை, எதற்கு என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, மருந்துக் கடைக்காரரிடமோ டாக்டரிடமோ ஒருமுறை சரிபார்த்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே அம்மா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "வேர்த்தால், நடுங்கினால் சர்க்கரைத் தண்ணி. பையனைக் கேட்க வேண்டாம்."